பாட்டுக்கு முன்னால் சொல்லப்படும் பெயர்கள்

பி.வி. கேஸ்கர் 1952-ஆம் ஆண்டு இந்திய அரசின் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பிறகு, அகில இந்திய வானொலிக்கும் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும் இடையே ஒரு பிணக்கு மூண்டது. சினிமாப் பாட்டுகளைக் குறைக்க வேண்டும், ஒலிபரப்பும் பாட்டுகளையும் தரம் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது வானொலியின் நிலைப்பாடாக இருந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. ஒரு பாட்டு எந்தப் படத்தில் இடம்பெற்றது என்று அறிவித்தால் அது அந்தப் படத்துக்கு இலவச விளம்பரமாகிவிடும் என்று கருதி, படத்தின் பெயரைச் சொல்லாமலே பாட்டைப் போடலாம் என்று வானொலி நிர்வாகம் முடிவு செய்தது. தயாரிப்பாளர்கள் வெகுண்டு, பாட்டுகளை ஒலிபரப்பக் கொடுத்திருந்த உரிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தரத்தைப் பற்றிய சண்டை என்றே பலரும் இதை எழுதுகிறார்கள். அயல்நாட்டில் பாட்டு நிகழ்ச்சி நடத்திப் பிழைத்தவன் என்ற முறையில் நான் இதைப் பெயரைப் பற்றிய சண்டையாகவே பார்க்கிறேன். பெயர் சொல்லாத இந்திய வானொலியை விட்டு நேயர்கள் பெயர் சொன்ன கொழும்பு வானொலியிடம் போனார்கள்.

கொழும்பில் அப்போது எல்லாம் ஆயத்தமாக இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக நடத்தப்பட்ட ரேடியோ சியாக் விட்டுச்சென்ற 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி, 1949-இல் ரேடியோ சிலோன் எனப்பட்ட கொழும்பு வானொலியின் கைக்கு வந்திருந்தது. மறு ஆண்டே வர்த்தக சேவை தொடங்கியது. காமன்வெல்த் நாடுகளின் உதவித் திட்டமான கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டாட் அதைக் கட்டி எழுப்பினார். தெற்காசியாவின் மிகப் பெரிய பாட்டு நிலையம் அயல்நாட்டிலிருந்து வந்த ஒருவரின் பொறுப்பில் வளர்ந்தது என்பதை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. அவரைத் தொடர்ந்து இந்தியாவிலிருந்து இந்தி அறிவிப்பாளர்கள் கொழும்புக்குப் போனார்கள். 1956-இல் போன கோபால் சர்மா அங்கேயே பத்தாண்டுகளுக்கு மேல் தங்கி, தான் விட்டுவந்த நாட்டை நோக்கியே நாள்தோறும் பேசினார். ஒவ்வொரு நாளும் காலை 8 மணிக்குச் சற்று முன்பு பழைய இந்திப் பாடகர் கே.எல். சைகலின் பாட்டு ஒன்று வந்தே தீரும் என்ற ஒழுங்கு அந்த இந்தி சேவையில் பல்லாண்டு தொடர்ந்தது. இந்தக் கூட்டத்தில் மிகுந்த புகழ் பெற்ற அமீன் சயானியோ பம்பாயைவிட்டுப் பெயரவில்லை. 1952-இல் தொடங்கிய பினாக்கா கீத்மாலா என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சியை அவர் அங்கேயே ஒலிப்பதிவு செய்ய, நாடாக்கள் கொழும்புக்குப் பயணம் செய்து, அலைகளாக இந்தியாவுக்குத் திரும்பி வந்தன. ஆக, அறிவிப்பாளர் கடல் கடந்த கதையும் உண்டு, அவர் இருந்த இடத்திலேயே இருக்கக் குரல் மட்டும் கடல் கடந்த கதையும் உண்டு.

இந்தியா முழுவதும் சிற்றலையில் திருகித் திருகித் தேடிய கொழும்பு, எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் மத்திய அலையிலேயே தேடாமல் கிடைத்தது. இதற்குக் காரணம் கடல்தான். மத்திய அலை நிலத்தின் மேல் செல்லும்போது மண்ணாலும் பாறையாலும் விரைவில் வலுவிழந்துவிடும். உப்புநீரோ மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால், கடல் மட்டத்தை ஒட்டிப் போகும் அலை அதிகம் தேயாமல் நெடுந்தொலைவு போய்ச் சேரும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். இரவில் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகளும் சேர்ந்துகொள்ள, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கரை நெடுகக் கொழும்பு எங்கள் உள்ளூர் நிலையமாகவே இருந்தது. மதுரையிலிருந்து வந்த உறவினர்கள் எங்கள் வீட்டு வானொலியின் தெளிவைக் கேட்டு வியந்தபோது, பெட்டியின் பெருமை என்று வாப்பா சொல்லிக்கொள்வார். பெருமை மன்னார் வளைகுடாவுக்கு உரியது.

வாப்பாவுக்குக் கீழக்கரையில் சங்கு வியாபாரம். குளியாளிகள் எடுத்துவந்த சங்குகளைக் கழுவி, அளவுப் பலகையின் துளையில் நுழைகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, வகைவாரியாகப் பிரித்துச் சாக்கில் கட்டுவார்கள். வளையல் அறுப்பதற்காக அவை வங்காளத்துக்குப் போகும். அந்தக் கொட்டகையில் காலையில் பொங்கும் பூம்புனல் தொடங்கினால், பிற்பகலில் நீங்கள் கேட்டவை, விடுமுறையில் இசையும் கதையும், இரவில் இரவின் மடியில் என்று வானொலி ஓய்வதே இல்லை. எஸ்.பி. மயில்வாகனனின் குரல் எனக்கு முந்திய தலைமுறையினருடையது. என் காதில் நிறைந்தவர்கள் ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோர். கே.எஸ். ராஜாவின் திரைவிருந்து தொடங்கினால் சங்கு பிரிப்பவர்களின் கையே வேகமெடுக்கும் என்று கணக்குப்பிள்ளை சொல்வார். அப்துல் ஹமீத் பேசினால் அதே கைகள் நிதானத்துக்கு வந்துவிடும்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒழுக்கம் ஒன்று இருந்தது. பாட்டு போடுவதற்கு முன்னாலோ முடிந்த பின்னாலோ, படத்தின் பெயர், இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர்கள் என நான்கையும் சொல்லிவிடுவார்கள். சேர்ந்து பாடியவர் ஒருவர் ஒரேயொரு வரிதான் பாடியிருந்தாலும் அவர் பெயர் விடுபடாது. அதே போல, பாட்டைக் கேட்டு எழுதியவர்களின் பெயர்களும் ஊரோடு சேர்ந்து வரும். பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியில் குழந்தையின் பெயருக்குப் பின் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, மாமா, மாமி என்று ஒரு குடும்பமே வரிசையாக நின்று வாழ்த்துவதைக் கேட்டிருப்பீர்கள். அதை நேரவிரயம் என்று சிலர் சொல்லியதுண்டு. முன்பின் பார்த்திராத ஒருவர், கடலுக்கு அப்பாலிருந்து, நம் வீட்டுப் பெரியவரின் பெயரைத் திருத்தமாக உச்சரிக்கும்போது அந்த வீட்டில் நிகழ்வதை நேரில் கண்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எங்கள் தெருவில் ஓர் உம்மாவின் பெயர் ஒருமுறை கொழும்பிலிருந்து படிக்கப்பட்டது. அதன்பின் அவரைத் தெருவில் ‘ரேடியோவில் வந்தவுக’ என்றே அடையாளம் சொன்னார்கள். அந்தப் பெருமை அவர் காலம் முழுவதும் அவரோடு இருந்தது.

நோன்பு மாதத்தில் இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சிகளை எங்கள் பகுதி வீடுகள் அனைத்தும் கேட்கும். நாகூர் இ.எம். ஹனீபாவின் பாட்டுகள் அதில் நிறைய வரும். ஹனீபா பெயரால் நாகூருக்கு உரியவர் என்றாலும், அவர் பிறந்தது எங்கள் ராமநாதபுரத்தில்தான். ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்ற பாட்டைத் தெரியாத தமிழர் எந்த மதத்திலும் இருக்க முடியாது. ஆனால் அதை எழுதியவர் ஆர். அப்துல் சலாம் என்று சொன்னால், அந்தப் பாட்டை உருகி உருகிக் கேட்பவர்களிலேயே பலர் முதல்முறையாகக் கேட்பதுபோல் பார்க்கிறார்கள். பாடியவரின் குரல் எழுதியவரை மறைத்துவிடுவது இயல்புதான். அந்த மறைப்பை நாள்தோறும் கொஞ்சம் விலக்கிக்கொண்டே இருப்பதற்குத்தான் அறிவிப்பாளர் என்று ஒருவர் வேண்டியிருக்கிறார்.

நான் கேட்ட பெயர்களை எழுதிவைக்கும் பழக்கம் பள்ளிக்கூடக் காலத்தில் வந்தது. சங்குக் கணக்குக்காக வாங்கிய நீளமான பேரேட்டில் மிஞ்சிய பக்கங்களில் கோடு போட்டு, படம், ஆண்டு, இசை, பாடலாசிரியர், பாடியோர் என்று எழுதுவேன். வானொலியில் பாதி கேட்டு விட்டுப்போனதைச் சரிபார்க்கத் திரையரங்கு வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் உதவின. ஒரே படத்தில் நான்கைந்து கவிஞர்கள் எழுதிய காலம் அது. பாட்டுப் புத்தகம் இல்லாவிட்டால் நல்ல வரிகள் அனைத்தையும் கண்ணதாசன் பெயரில் எழுதிவிடும் வழக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்துச் சிறுகூடற்பட்டியில் பிறந்த அவர்மீது எங்களுக்கு உரிமையுள்ள பாசம் உண்டு. ஆனாலும், மருதகாசியும் உடுமலை நாராயண கவியும் வாலியும் எழுதியதை அவருக்குக் கொடுப்பது அவருக்கே பெருமை சேர்க்காது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-இல், முப்பது வயது நிறையும் முன்பே இறந்துபோனார். எழுதிய காலமே குறைவாக இருந்த ஒருவரின் பாட்டுக்கு வேறொருவர் பெயரைச் சொல்வது எனக்கு இன்றளவும் பொறுக்க முடியாத செயல்.

தமிழில் அயல்நாட்டு ஒலிபரப்பு என்றால் நான் முதலில் நினைப்பது சோ. சிவபாதசுந்தரத்தை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பு வானொலியில் பணியாற்றி, 1940-களின் பிற்பகுதியில் லண்டன் சென்று பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பில் சேர்ந்து, அதற்குத் தமிழோசை என்று பெயர் சூட்டியவர் அவர். பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்தார். ஒலிபரப்புக் கலை என்றே ஒரு நூல் எழுதியிருக்கிறார். மூன்று நாடுகளில் இருந்த அந்த வாழ்க்கையைப் பற்றிப் படித்தபோதுதான், ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்பவர் எந்த ஊரிலிருந்தும் பேசலாம், யாரிடம் பேசுகிறோம் என்பதில் மட்டும் மயக்கம் இருக்கக் கூடாது என்பது எனக்கு உறைத்தது.

கீழக்கரைப் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குப் போவது வியப்பான செய்தி இல்லை. நானும் மற்றவர்களைப் போலக் கணக்கெழுதும் வேலைக்குத்தான் துபாய்க்குப் போனேன். அங்கே வேற்றுமொழி நிலையம் ஒன்றில் வெள்ளிக்கிழமைகளில் ஒரு மணி நேரத்தை ஒருவர் விலைக்கு வாங்கி, அதில் தமிழ்ப் பாட்டு நிகழ்ச்சி நடத்தினார். தங்கநகைக் கடை, ஊருக்குப் பணம் அனுப்பும் நிறுவனம், தொலைபேசி அட்டை ஆகியவற்றின் விளம்பரத்தில்தான் அந்த ஒரு மணி நேரத்தின் வாடகை கிடைக்க வேண்டும். அயல்நாடுகளில் தமிழ் ஒலிபரப்பு பல இடங்களில் இப்படி வாடகை நேரத்தில்தான் வேர் பிடித்தது. பாட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வேலையாக எனக்குத் தொடங்கியது, பிறகு அறிவிப்பாகி, முழுநேரத் தமிழ் நிலையம் வந்தபின் முழுநேரத் தொழிலாகியது. சம்பளம் கணக்கு வேலையில் கிடைத்ததைவிடக் குறைவு. உம்மாவுக்கு அதில் மனவருத்தம். வாப்பா மட்டும், கொழும்பில் பேசியவர்களுக்கும் எவராவது சம்பளம் கொடுத்துத்தானே இருப்பார்கள் என்று சொல்லி எனக்காகப் பேசினார்.

அங்குள்ள பணி முறையைச் சொன்னால்தான் நான் சொல்ல வருவது விளங்கும். ஒலிபரப்பு அறையில் கணினித் திரையில் அந்த மணி நேரத்துக்கான பட்டியல் நொடிக் கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் நேராக அதன் தலைப்பு, பாடியவர், மொத்த நேரம், குரல் தொடங்குவதற்கு முன் வரும் இசையின் நேரம் என்று கட்டங்கள் உண்டு. அந்த முன்னிசையின் மேல் பேசி, பாடகர் வாய்திறக்கும் நொடிக்கு முன்னால் நிறுத்துவதைத் தொழில் திறமையாக எல்லோரும் பாராட்டுவார்கள். 12 நொடி என்று திரை காட்டினால் 11 நொடியில் நீங்கள் நிறுத்தியாக வேண்டும். இந்தக் கட்டங்களில் எங்கேயும் பாடலாசிரியருக்கு இடம் இல்லை. பாட்டு இசைத்தட்டிலிருந்து குறுந்தட்டுக்கும் அங்கிருந்து கணினிக் கோப்புக்கும் மாறியபோது, ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு பெயர் உதிர்ந்துவிட்டது. கலைஞர் என்ற ஒற்றைக் கட்டத்தில் பாடியவரைப் போட்டுவிட்டு மற்றவர்களை விட்டுவிடும் வழக்கம் உலகம் முழுவதும் ஒன்றாகிவிட்டது. குறிப்புகளுக்காக ஒதுக்கப்பட்ட வெற்றுக் கட்டத்தில், என் பேரேட்டைப் பார்த்துப் பாடலாசிரியரின் பெயரையும் படத்தின் ஆண்டையும் தட்டச்சு செய்து சேர்ப்பதைப் பணி நேரம் முடிந்த பிறகு செய்வேன். பல மாலைகள் அதற்கே போயின. எனக்குப் பின் அந்த அறையில் உட்காரும் பெண்ணோ பையனோ திரையைப் பார்த்தால் பெயர் இருக்கும். சொல்வதும் சொல்லாததும் அவர்கள் விருப்பமாக இருக்கட்டும், தெரியாமல் விட்டுவிட்டதாக இருக்கக் கூடாது.

நிர்வாகத்துக்கு இதில் முழு உடன்பாடு இருந்ததில்லை. பேச்சு நீண்டால் நேயர் அலைவரிசையை மாற்றிவிடுவார் என்பது அவர்கள் வாதம். அதை எளிதாகத் தள்ள முடியாது, ஏனெனில் விளம்பரதாரர் கொடுக்கும் பணத்தில்தான் எங்கள் அனைவரின் விசாவும் ஓடியது. அயல்நாட்டு அறிவிப்பாளரின் வாழ்க்கையில் நேயர்களுக்குத் தெரியாத பகுதி இது. ஊரில் நிலையம் மூடினால் வேலைதான் போகும். அங்கே வேலை போனால் தங்கும் அனுமதியும் சேர்ந்து போய்விடும், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் கேள்விக்குறியாகும். குரல் நன்றாக இருந்தும், நேயர்கள் அன்பாக இருந்தும், ஒப்பந்தம் முடிந்த மாதத்திலேயே பெட்டி கட்டியவர்கள் என் நண்பர்களில் உண்டு. அவர்கள் போன மறுநாள் அந்த நேரத்தில் வேறு குரல் பேசும், போனவரின் பெயரை நிலையம் சொல்லாது. பாட்டு எழுதியவரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கு இந்தக் காட்சிகளும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் நேயர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைச் சொன்னதாகாது. விடியற்காலையில் பேருந்தில் வேலைத்தளம் போகும் கட்டடத் தொழிலாளர்கள், வாடகைக் கார் ஓட்டுநர்கள், பாரந்தூக்கியின் உச்சிக் கூண்டில் தனியே உட்கார்ந்திருப்பவர்கள், வீட்டுவேலை செய்யும் பெண்கள், கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்க்கும் படித்த பிள்ளைகள் எனக் கலந்த கூட்டம். நாகர்கோவில்காரரும் தஞ்சாவூர்க்காரரும் மட்டக்களப்புக்காரரும் அதில் இருந்தார்கள். ஆகவே யாருடைய வட்டார வழக்கிலும் சாயாத தமிழில் பேசப் பழக வேண்டியிருந்தது. இலங்கைப் பெண்கள் குரல் செய்தி அனுப்பும்போது, அண்ணா, இந்தப் பாட்டைப் போடுங்கோ என்பார்கள். அண்ணனைக் காக்கா என்று அழைக்கும் எங்களூர்க்காரர்கள், காக்கா, நம்ம ஊர்க்காரவுகளுக்கு ஒண்ணு போடுங்க என்பார்கள். சிறுவயதில் இலங்கைக் குரல்களைக் கேட்டு வளர்ந்தவன் இலங்கைக்காரர்களுக்குப் பாட்டு போடும் நிலைக்கு வந்ததைக் கடன் தீர்ப்பதாகவே எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமைதான் அவர்களில் பலருக்கும் ஓய்வுநாள் என்பதால் பெரிய நிகழ்ச்சிகள் அன்றைக்கே இருந்தன. 2022 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரக அரசு வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியபோது எங்கள் அட்டவணை முழுவதையும் கலைத்து அடுக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு மே மாதம் அந்நாட்டு அதிபர் ஷேக் கலீஃபா மறைந்தபோது, வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டுத் துக்கம் காத்தோம். பாட்டு நிகழ்ச்சி நடத்துபவர் பாட்டில்லாத நாட்களிலும் அறைக்கு வந்து இருக்கத்தான் வேண்டும். அன்னிய நாட்டின் துக்கத்தை மதிக்கத் தெரிவதும் இந்தத் தொழிலில் அடக்கம்.

2020-ஆம் ஆண்டைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். கொரோனாவால் விமானங்கள் நின்றபோது, ஈரான் கரையோரத் துறைமுகங்களில் படகு வேலைக்குப் போயிருந்த தமிழ்நாட்டு மீனவர்கள் பலர் சிக்கிக்கொண்டார்கள். எங்கள் ராமநாதபுரத்தார் அதில் இருந்தார்கள். பாரசீக வளைகுடாவில் கோடைக்காலத்தில் ஒரு விந்தை நடக்கும். கடலை ஒட்டிய ஈரக்காற்றின் மேல் சூடான வறண்ட காற்று மூடிபோலப் படிந்துகொள்ள, பண்பலை அந்த மூடியைத் தாண்டி மேலே போகாமல் நீர்ப்பரப்பை ஒட்டியே ஓடி, வழக்கமான எல்லையைக் கடந்து எதிர்க்கரையில் கேட்கும். இலங்கையின் பண்பலை நிலையங்கள் ராமேசுவரத்தில் கேட்பதற்கும் இப்படிப்பட்ட காற்றே துணை செய்கிறது. அந்தக் கோடையில், எதிர்க்கரையில் கட்டிப்போட்ட படகிலிருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார். மண்டபம் பக்கத்துக்காரர். காக்கா, உங்க சத்தம் இங்க விட்டு விட்டுக் கேக்குது, எங்க ஆளுங்க பேரை மட்டும் ஒருக்கா சொல்லிவிடுங்க, ஊர்ல யாராச்சும் உங்ககிட்ட கேட்டா நாங்க நல்லா இருக்கோம்னு சொல்லுங்க என்றார். பாட்டு எதையும் அவர் கேட்கவில்லை.

அவர் சொன்ன பெயர்கள் ஒவ்வொன்றையும் ஊரோடு சேர்த்து அன்றிரவு நிதானமாகப் படித்தேன். நேரம் அதிகமாகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்த தொழில்நுட்பப் பையன் கைகாட்டவில்லை. அவனும் கடலோரத்துப் பிள்ளைதான். படித்து முடித்த பின் ஒரு பாட்டு போட்டு, வழக்கம்போல நான்கு பெயர்களையும் சொன்னேன். அந்த ஜூலை முதல் தேதி இந்தியக் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து மீனவர்களைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கிய செய்தியை அறையில் உட்கார்ந்தே பார்த்தேன். அவர்களில் என்னிடம் பேசியவர் இருந்தாரா என்று விசாரித்து, இருந்தார் என்று உறுதியானபோது அடைந்த நிம்மதிக்கு ஈடாக அந்தத் தொழிலில் வேறெதுவும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஊர் திரும்பிய பிறகு இங்குள்ள ஒலிபரப்பைக் கவனித்து வருகிறேன். பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய கடல் ஓசை 90.4 மீனவர்களுக்கான சமுதாய வானொலியாக நடக்கிறது. காற்றின் நிலை, கடலின் நிலை பற்றிய தகவலைக் கரையோரத்தார் பேசும் தமிழிலேயே சொல்கிறார்கள். இப்படி ஒன்று என் சிறுவயதில் இருந்திருந்தால் நான் வானொலிக்காகக் கடல் கடந்திருக்க வேண்டியதில்லை. பெருநகரப் பண்பலைகளைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. நகைச்சுவையும் போட்டியும் நடிகர் செய்தியும் சொல்ல அவர்களுக்கு நேரம் இருக்கிறது, பாட்டு எழுதியவரின் பெயரைச் சொல்ல இரண்டு நொடி இல்லை. கைப்பேசிச் செயலிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவற்றில் பல பழைய பாட்டுகளுக்குக் கவிஞரின் பெயரே இல்லை, இருக்கும் சிலவற்றிலும் தவறான பெயர் இருக்கிறது. 1952-இல் ஒரு நிர்வாகம் வேண்டுமென்றே மறைக்க நினைத்ததை, இன்று எவரும் வேண்டாமலே மறைத்துக்கொண்டிருக்கிறோம்.

அண்மையில் எங்கள் தெருப் பையன் ஒருவன் மலேசியாவில் தமிழ் ஒலிபரப்பு வேலைக்குப் போவதற்கு முன் யோசனை கேட்டு வந்தான். நல்ல குரல், தெளிவான உச்சரிப்பு, ழகரத்தில் பிசிறு இல்லை. ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும், விசாவில் வேலையின் பெயரை எப்படி எழுதியிருக்க வேண்டும், முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்த நிகழ்ச்சிக்குத் தனிச் சம்பளம் உண்டா என்பதையெல்லாம் முதலில் சொன்னேன், வயிற்றுப்பாடு முதலில் என்பதால். அதன்பின் பேரேட்டை அவனிடம் கொடுத்துப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொள்ளச் சொன்னேன். அதில் இன்னும் நிரம்பாத கட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை எங்கள் கரையோரத் திருமண வீடுகளில் ஒலித்த பழைய இசுலாமியப் பாட்டுத் தட்டுகளுக்கு உரியவை. பாடியவர் பெயர் தட்டில் இருக்கிறது, எழுதியவர் பெயர் இல்லை. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தொண்டியிலும் வயதானவர்களைத் தேடிப் போய்க் கேட்டு அவற்றை ஒவ்வொன்றாக நிரப்பி வருகிறேன். நிரம்பியதை அவனுக்கும் அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.